வகுப்பறையில் குறும்பதிவு

பெரிய விரிவுரைக் கூடத்தில் ஆசிரியர் ஒரு வினாவை எழுப்பினால் கை உயர்த்துவோர் நால்வரோ ஐவரோதான். ஏனையோர் விடை அறியாதவர் அல்லர். அவையச்சத்தாலோ, தம் முறை வருமுன் மணி அடித்துவிடுவதாலோ வாளாவிருப்பவர். ஒரு பாடவேளையில் 90 பேரும் பேச இயலாது என்பது வெறும் கணக்கு.

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் வரலாறு கற்பித்த ஆசிரியை ஒருவர் 2009ஆம் ஆண்டில் இக்கணக்கை மாற்ற முற்பட்டார். அவரது வகுப்பில் ஏறத்தாழ 90 மாணவர் இருந்தனர். அவர் கையாண்ட கருவி டுவிட்டர். சிறு குழுக்களாக அமர்ந்து விவாதித்த மாணவர், தம் கருத்தைக் கைப்பேசி வழியாகவோ மடிக்கணினி வழியாகவோ பதிவு செய்தனர். ஒவ்வொரு வாரத்திற்கும் ஹேஷ்டேக் எனப்படும் தனி அடையாளச் சொல் ஒன்று வகுக்கப்பட்டமையால், அவ்வாரத்துப் பதிவுகளை ஒருசேரத் திரட்டிப் படிக்க முடிந்தது. வகுப்பில் வாய் திறவாதவர் பலர் எழுத முன்வந்தனர்.

2006இல் தொடங்கப்பட்ட டுவிட்டர், 2023 முதல் எக்ஸ் என்னும் பெயரில் இயங்கி வருகிறது. அது தொடக்கத்தில் விதித்த 140 எழுத்து வரம்பு கல்வி நோக்கில் எழுந்ததன்று. கைப்பேசிக் குறுஞ்செய்தியின் எல்லை 160 எழுத்து. பயனாளர் பெயருக்கென 20 ஒதுக்கியது போக எஞ்சியதே 140. 2017இல் இது 280 ஆக உயர்த்தப்பட்டது. இவ்வரம்பு மையக் கருத்தைத் தேடிப் பிடிக்க மாணவரைப் பழக்குகிறது என்பது உண்மையே. ஆனால் ஒரு போருக்கான காரணங்களை இவ்வளவில் ஆராய இயலாது. டாலஸ் ஆசிரியையும் இக்குறையை உணர்ந்திருந்தார். தமிழில் எழுதுவோர்க்கு இடம் இன்னும் சுருங்கும். "தமிழ்" என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கோ ஐந்து.

இம்முயற்சியின் பயன் அளந்தும் பார்க்கப்பட்டுள்ளது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 125 கல்லூரி மாணவர் பங்கேற்றனர். டுவிட்டரைப் பயன்படுத்திய 70 பேரின் கல்வி ஈடுபாடும் மதிப்பெண்ணும் மற்றவரினும் உயர்ந்திருந்தன. 2013இல் வெளிவந்த தொடர் ஆய்வு இதனினும் முக்கியமானது. ஆசிரியர் தாமும் உரையாடலில் கலந்துகொண்டு, பாடத்தோடு அதனை இணைத்த இடத்திலேயே பயன் விளைந்தது. விரும்புவோர் எழுதலாம் என விட்டுவிட்ட இடத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

ஆக, செலவு கருவியில் இல்லை. ஆசிரியரின் நேரத்தில் உள்ளது. 90 பேரின் பதிவுகளைப் படித்து, பிழை களைந்து, நல்ல வினாவை மீண்டும் வகுப்பின் முன் வைப்பது ஒருவரால் ஆகும் காரியமன்று. டாலஸ் வகுப்பில் இதற்கெனத் துணையாசிரியர் ஒருவர் இருந்தார். ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் கருவிகளை மட்டும் வழங்க நினைக்கும் திட்ட அலுவலர் இதனைக் கருத்திற்கொள்வது நன்று.

இந்தியப் பள்ளிகளைப் பொறுத்தவரை மேலும் இரு தடைகள் உண்டு. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை எனக் கொள்கிறது. அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை என்கிறது. தனியார் தளங்கள் நிலையானவையும் அல்ல. இந்திய மொழிகளுக்கெனப் 2020இல் தோன்றிய 'கூ' 2024இல் மூடப்பட்டது. அதனை நம்பிப் பாடம் வகுத்த ஆசிரியர் எவரேனும் இருந்திருப்பின், அவர் நடுவாண்டில் வேறு வழி தேடவேண்டியிருந்திருக்கும்.

கைப்பேசி இல்லாத மாணவரின் நிலை யாது? டாலஸ் வகுப்பில் அத்தகையோர் தம் கருத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தனர், அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நமது ஊரகப் பள்ளி ஒன்றில் துண்டுத்தாளும் கரும்பலகையும் கொண்டு இம்முறையை நாளையே தொடங்கலாம். ஒவ்வொருவரும் இரு வரி எழுத வேண்டும். ஆசிரியர் அனைத்தையும் படித்து, அவற்றுள் ஐந்தினைப் பலகையில் எழுதி விவாதத்தைத் தொடங்க வேண்டும்.