தரவுச் சிதைவும் அதன் காரணமும்: ஒரு கோப்பு முறைமையை முன்வைத்து

கணனியின் கோப்பு முறைமை பிழைபடுங்கால், புதிதாகச் சேர்க்கப்பட்டதையே முதலிற் குற்றஞ்சாட்டுவது வழக்கம். இவ்வழக்கின் போதாமையை, 2023 நவம்பரில் ஓப்பன்இசட்எஃப்எஸ் என்னும் முறைமையில் வெளிப்பட்ட தரவுச் சிதைவினூடாக நோக்குவோம்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாகி, 2005 இல் மூலநிரல் வெளியிடப்பட்ட இசட்எஃப்எஸ்ஸின் வழிவந்தது இது. தரவுத் துண்டு ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புத் தொகை பேணுவது இதன் பெருமை. ஆயினும் நகலெடுத்த சில கோப்புகளில், தரவு இருக்கவேண்டிய இடத்திற் பூச்சியங்களே காணப்பட்டன. சரிபார்ப்போ குறை எதனையும் காட்டவில்லை. தனக்குத் தரப்பட்டதை முறைமை பிழையறக் காத்தது; தரப்பட்டதே பிழை. ஏடு பெயர்த்தெழுதியவர் விட்ட அடி, அப்பிரதியை எத்துணை பேணினும் மீளாதென்பதைப் பதிப்பாசிரியர் அறிவர்.

அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியான 2.2.0 பதிப்பின் புதிய வசதியாகிய துண்டுப் பகிர்வின்மீதே ஐயம் விழுந்தது. 2.2.1 இல் அது முடக்கப்பட்டது. சிதைவு நிற்கவில்லை. அவ்வசதியே இல்லாத 2.1 வரிசையிலும், கோப்பை எழுதியவுடன் பலமுறை நகலெடுத்து மூலத்தோடு ஒப்பிடும் சிறு நிரலைக்கொண்டு, பயனரும் நிரலாளரும் கூட்டாக அதனை மீளத் தோற்றுவித்தனர். எமது நோக்கில், ஆய்வு உண்மையில் தொடங்கியது இவ்விடத்திலேதான்.

எழுதப்பட்டவை உடனே வட்டைச் சேர்வதில்லை. நினைவகத்திற் சிறிது தங்குகின்றன. ஆகவே, கோப்பில் வெற்றிடம் எங்குளதென நகலெடுக்கும் நிரல் வினவும்போது, வட்டைச் சேராத மாற்றம் உண்டா என முறைமை முதலிற் சோதித்தல் வேண்டும். அச்சோதனையோ, மாற்றமுற்றவற்றின் பட்டியலிற் கோப்பு உளதா என்பதை மட்டுமே பார்த்தது. பட்டியலினின்று நீங்கியும் வேலை முடியாதிருக்கும் மிகக் குறுகிய இடைவெளி ஒன்றுண்டு. அக்கணத்தில் வினவிய நிரலுக்கு, தரவிருந்த இடம் வெற்றிடமெனச் சொல்லப்பட்டது.

பல ஆண்டுகள் மறைந்திருந்த இவ்வழு அப்போது ஏன் வெளிப்பட்டது? 2021 இல் வெளியான குனூ கோர்யூட்டில்ஸ் 9.0 இன் நகற்கட்டளை, வெற்றிடங்களை வழமையாகவே வினவத் தொடங்கியமை அதற்கொரு முக்கிய காரணம். வழுவைப் பிறப்பித்தது அக்கட்டளையன்று. வழு வெளிப்படுதற்கான சூழலையே அது பெருக்கியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் எத்துறையிலும் உளர்.

நவம்பர் 30 இல் வெளியான 2.2.2, 2.1.14 பதிப்புகள், பட்டியலோடு எஞ்சிய மாற்றப் பதிவுகளையும் சோதிக்குமாறு நிரலைத் திருத்தின. முன்னரே பூச்சியங்களோடு நகலான கோப்புகளை அத்திருத்தம் மீட்கவில்லை. மூலக்கோப்பு அழிக்கப்படாதவிடத்து மட்டுமே ஒப்பிட்டு அறிதல் இயலும்.