டம்ளர் அளவும் தராசு அளவும்

தூத்துக்குடி மக்ரூனைச் சுவைத்திராதவர்கூட அதன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார். சிறு கூம்பு வடிவம். வாயில் இட்டதும் கரைந்துவிடும். அதில் சேரும் பொருள்கள் முக்கியமாக மூன்றே: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. ஐரோப்பிய மக்ரூனில் இருப்பது வாதுமைப்பருப்பு. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து நம் நாட்டுக்குக் கொணர்ந்த முந்திரி, இங்கே அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மில்லர்புரத்து வாசகர் ஒருவர் இதனை வீட்டிலேயே செய்ய முற்படுகிறார் என்று கொள்வோம். அவர் கையிலுள்ள குறிப்பு, 'சர்க்கரை ஒரு டம்ளர்' என்கிறது. பொடித்த சர்க்கரை எளிதில் கரையுமே என்று, அதில் ஒரு டம்ளர் அளந்து போடுகிறார். வெந்தபின் பார்த்தால் கூம்புகள் அமிழ்ந்து, தட்டோடு ஒட்டிய அடையாகக் கிடக்கின்றன! முந்திரி விற்கும் விலையில் இது சிறிய நட்டமன்று. தவறு எங்கே நேர்ந்தது?

200 மில்லிலிட்டர் டம்ளர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தண்ணீர் 200 கிராம் பிடிக்கும். தேன் ஏறத்தாழ 280 கிராம். சாதாரணச் சர்க்கரையைத் தலைதட்டி அளந்தால் சுமார் 170 கிராம்தான். பொடித்த சர்க்கரையோ நூறு கிராமை ஒட்டியே இருக்கும். குறிப்பு எழுதியவர் சாதாரணச் சர்க்கரையை நினைத்திருந்தால், நம் வாசகர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துப் போட்டுவிட்டார்.

சர்க்கரைப் படிகத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.59 கிராம். டம்ளர் முழுவதும் சர்க்கரையாகவே இருந்தால் 318 கிராம் இருக்க வேண்டும். இருப்பதோ 170. அப்படியானால் நாம் அளந்ததில் ஏறத்தாழப் பாதி காற்று!

பொடித்தால் காற்று ஏன் கூடுகிறது? மணிகள் சிறியனவாவதால் என்று விடை சொல்லத் தோன்றும். அது மட்டும் போதாது. ஒரே அளவான பந்துகளைப் பெட்டியில் கொட்டிக் குலுக்கினால், நூற்றுக்கு 64 பங்கு இடத்தை அவை அடைக்கும். கடுகளவு குண்டுகளை இட்டாலும் அதே 64தான். ஆனால் துகள் மிக நுண்ணியதானால் அதன் எடை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. துகள்களுக்கிடையே உள்ள ஒட்டும் விசை எடையை வென்றுவிடுகிறது. பெரிய மணி உருண்டு பள்ளத்தில் அமரும். நுண்துகளோ தொட்ட இடத்திலேயே ஒட்டி நிற்கும். இடையில் காற்று தங்கிவிடும். மைதாவைச் சலித்து அளந்தால் ஓர் எடை, அழுத்தி அளந்தால் வேறோர் எடை வருவதும் இதனாலேதான். படியைக் குலுக்கி அளக்கச் சொல்லிக் கடைக்காரரோடு வழக்காடிய நம் பாட்டிமார் இதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

சர்க்கரை குறைந்தால் கூம்பு ஏன் அமிழ வேண்டும்? வெள்ளைக்கருவை அடிக்கும்போது அதிலுள்ள புரதம் விரிந்து, காற்றுக் குமிழ்களைச் சுற்றி மெல்லிய ஏடாகப் படிகிறது. சர்க்கரை கரைந்து அந்த ஏட்டிலுள்ள நீரைக் கெட்டியாக்கி, எளிதில் வடியாமல் காக்கிறது. அது போதாவிடில் நீர் வடிந்து குமிழ்கள் உடைந்துவிடும்.

ஆகவே டம்ளரைக் கிராமாக மாற்ற ஒரே வாய்பாடு எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் அதன் குவியல் அடர்த்தி வேண்டும். கன அளவை அதனால் பெருக்கினால் எடை கிடைக்கும். சர்க்கரைக்கு 0.85 என்று கொள்ளலாம்.

வீட்டில் தராசு இல்லையா? கவலை வேண்டாம். அரைக் கிலோச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து, எத்தனை டம்ளர் வருகிறது என்று தலைதட்டி அளந்து பாருங்கள். மூன்று டம்ளருக்குச் சற்றே குறைந்தால் உங்கள் டம்ளர் 200 மில்லிலிட்டரை ஒட்டியது. பொட்டலத்தின் எடையை டம்ளர் எண்ணிக்கையால் வகுத்து வருவதைச் சுவரில் குறித்து வையுங்கள். மைதாவுக்கும் முந்திரித் தூளுக்கும் இவ்வாறே செய்யலாம். தூளை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக, தளர்வாகக் கரண்டியால் இட்டு அளக்க வேண்டும்.

வெள்ளைக்கரு நீர்மமாதலால் டம்ளரால் அளப்பதில் தவறில்லை. ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராமைவிடச் சிறிதே கூடுதல். ஆனால் அடிப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். அடித்தபின் அது ஆறேழு மடங்கு பொங்கி நிற்கும். எடையோ பழைய எடையேதான்.