ஏமாற்றும் ஏமாற்றமும்



இன்று நாம் எடுத்துக்கொள்ளும் ஆங்கிலச் சொல் ‘சீற்’. பஸ்ஸில் ஓடிப்போய்ப் பிடிக்கிற சீற் அல்ல. ஏமாற்றுதல் என்று அகராதி பொருள் தருகிற சீற். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் இந்தச் சொல்லாலே நான் ஒருமுறை பெரும் பிழை விட்டிருக்கிறேன். அதைக் கடைசியிற் சொல்கிறேன்.

முதலில் இதன் பிறப்பைப் பார்ப்போம். இடைக்கால இங்கிலாந்தில் உரித்தாளி இல்லாமல் ஒருவர் இறந்தால் அவருடைய காணி பிரபுவுக்கோ அரசருக்கோ போய்ச் சேரும். இதற்கு ‘எஸ்சீற்’ என்று பெயர். அரசருக்காக அக்காணிகளைப் பொறுப்பேற்கவென்றே அதிகாரிகள் இருந்தார்கள். உரித்துள்ள காணிகளையும் இவர்கள் வளைத்துப் போடுகிறார்கள் என்று சனங்கள் முறையிட்டனர். நாளடைவில் சொல்லின் தலை தேய்ந்து ‘சீற்’ ஆயிற்று. பிறர் பொருளைத் தந்திரமாகப் பறித்தல் என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டது. சேக்ஸ்பியரின் போல்ஸ்டாவ் என்ற பாத்திரம் இவ்விரு பொருளையும் வைத்துச் சிலேடை பேசுகிறது.

இனி வழக்குக்கு வருவோம். சீட்டாட்டத்தில் ‘சீற்’ பண்ணினால் யாழ்ப்பாணத்தில் அளாப்புதல் என்போம். பரீட்சையில் என்றால் கொப்பி அடித்தல். கட்டிய மனைவியை என்றால் துரோகம். ஒருவர் மரணத்தை ‘சீற்’ பண்ணினார் என்று ஆங்கிலப் பத்திரிகை எழுதினால், அவர் செத்துப் பிழைத்தார் என்பதே பொருள். யமனை யார் ஏமாற்ற முடியும்? மழை நமது அணியை வெற்றியிலிருந்து ‘சீற்’ பண்ணியது என்றால், கைக்கு வந்த வெற்றி நழுவிப் போயிற்று என்று கொள்ள வேண்டும். மழைக்கு ஏது வஞ்சகம்?

சட்டமோ இச்சொல்லை மிகக் கவனமாகக் கையாள்கிறது. நமது நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு இக்குற்றத்துக்கு வரைவிலக்கணம் தருகிறது. அதற்கு முன்மாதிரியான 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டக்கோவையில் ஓர் உதாரணம் இருந்தது. அவுரி தருவதாகச் சொல்லி ஒருவன் காசு வாங்குகிறான். வாங்கும்போதே கொடுக்கும் எண்ணம் இல்லையென்றால் அது ‘சீற்’. கொடுக்கும் எண்ணத்தோடு வாங்கிப் பின்னர் சொன்ன சொல் தவறினால் அது ‘சீற்’ அல்ல. நட்டத்துக்கு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். காசு வாங்கிய நேரத்து மனத்தையே சட்டம் பார்க்கிறது.

இனி என் கதை. நான் பள்ளி மாணவனாக இருந்த காலம். அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் சீட்டுப் பிடித்து வந்தார். கழிவு போக முதலில் எடுத்த சிலர் பின்னர் கட்டாமல் விட, கொழும்பில் ஆங்கிலத்தில் படித்து வளர்ந்த அவருடைய மருமகனுக்குச் சேரவேண்டிய காசு முடங்கிவிட்டது. மருமகனிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. “தம்பி, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு” என்று என்னிடம் நீட்டினார் பெரியவர். அதிலே ‘சீற்’ என்ற சொல்லைக் கண்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “நீங்கள் மோசடி செய்துவிட்டீர்களாம்” என்று சொன்னேன். பெரியவரின் கை நடுங்கியது. அதன்பின் அந்த இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

உண்மையில் மருமகன் எழுதியிருந்தது, தான் ‘சீற்’ பண்ணப்பட்டதுபோல் உணர்வதாக. ஆங்கிலத்தில் யாரையும் குற்றஞ்சாட்டாமலும் இப்படிச் சொல்லலாம். நம்பியிருந்தது கிடைக்கவில்லையே என்ற மனக்குறை அது. அதற்கு நம்மிடமே சொல் உண்டு: ஏமாற்றம். ஏமாற்று என்பது ஒருவன் செய்வது. ஏமாற்றம் என்பது நமக்கு நேர்வது. “மாமா, எனக்குப் பெரிய ஏமாற்றமாய்ப் போச்சு” என்று நான் சொல்லியிருந்தால், அந்த மனுசன் அன்றைக்கே கொழும்புக்கு ரயில் ஏறியிருப்பார். இதை நான் விளங்கிக்கொண்டபோது அவர் காலமாகிவிட்டார்.

நேயர்களே, ஒருவரை ‘சீற்’ என்று சொல்லுமுன், அவர் நம்மை ஏமாற்றினாரா, அல்லது நாம் ஏமாற்றம் அடைந்தோமா என்று ஒரு கணம் யோசியுங்கள்.