சிலிம் ரிவர் ஏன் ஐந்தாக உடைகிறது?

ஊர்ப்பெயர்ப் பட்டியலைப் பைத்தானில் கொடுத்துப் பிரித்தால் தன் ஊரே நொறுங்கிவிடுகிறது என்று சிலிம் ரிவர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

கமா பார்த்துப் பிரித்திருந்தால் நொறுங்கியிருக்காது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். அவற்றில் எதுவும் கமாவின் பைட்டாக இருக்க முடியாது. வாசகர் போட்ட கட்டளை வேறு: பின்சாய்கோடு டபிள்யூ, அதாவது ‘எழுத்தாக இருப்பதை மட்டும் பொறுக்கு’. பைத்தானோடு வரும் ரெகெக்ஸ் என்ற தேடல் கருவிக்கு உயிரும் அகரமேறிய மெய்யும்தான் எழுத்து. கொம்பு, கால், கொக்கி, புள்ளி எல்லாம் வெறும் ஒட்டு. ஒட்டு வந்த இடத்தில் வெட்டிவிடும். மிஞ்சுவது ச, ல, ம, ர, வர. ‘வ’வுக்கு ஒட்டு இல்லாததால் பக்கத்து ‘ர’வோடு அது தப்பித்தது.

பஸ் கண்டக்டர் ஆள் எண்ணுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் பிள்ளையோடு ஏறும் அம்மாவை எக்செல் இரண்டு ஆள் என்கிறது. ஆறு எழுத்து ஊருக்கு, இடைவெளியும் சேர்த்து, 12 என்று கணக்குச் சொல்கிறது. முதல் மூன்றைக் கேட்டால் ‘சில’ என்று நீட்டுகிறது. பைத்தானோ பிள்ளையைச் சாலையில் இறக்கிவிட்டு அம்மாவை மட்டும் ஏற்றிக்கொள்கிறது. ஈப்போ என்ற ஊர்ப்பெயரில் இன்னும் வேடிக்கை. ‘போ’வுக்கு இரண்டு இடுப்பிலும் பிள்ளை: முன்னால் கொம்பு, பின்னால் கால். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வாங்கலாம், தனித்தனியாகவும் வாங்கலாம். யூனிகோடில் இரண்டும் செல்லும். திரையில் வித்தியாசமே தெரியாது. எண்ணிப் பார்த்தால் மட்டும் பட்டியலில் இரண்டு ஈப்போ!

பிரெஞ்சுக்காரர்களின் தலைக்குறி எழுத்துகளுக்கும் இந்த இரட்டை வாழ்வு உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் ஒற்றைக் குறியாகவே தட்டச்சாகின்றன, அவர்களுக்கு இது எப்போதாவது வரும் தலைவலி.

இந்த ஒட்டு முறையின் வரலாறு கேட்பவர்களுக்கு: 1988இல் இந்தியாவின் இஸ்கி குறியாக்கம், அதே அச்சில் 1991இல் யூனிகோடு. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16ஐத் தமிழ்நாடு அரசு 2010இல் அங்கீகரித்தது, இணையம் கண்டுகொள்ளவில்லை.

செயற்கை நுண்ணறிவு தமிழைக் கரைத்துக் குடித்துவிட்டது என்று விற்க வருபவரிடம் இந்த இரண்டு ஈப்போக்களைக் கொடுத்துப் பார்க்கலாம். வாசகருக்கு அவ்வளவு செலவு வேண்டாம். முதலில் யூனிகோடின் என்எஃப்சி முறையில் எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டுக்கு மாற்றுங்கள். பிறகு கமாவோ டேபோ பார்த்துப் பிரியுங்கள். எழுத்தெழுத்தாகவே வேண்டுமென்றால் ‘ரெகெக்ஸ்’ என்றே பெயருள்ள தனித் தொகுப்பை நிறுவி, பின்சாய்கோடு பெரிய எக்ஸ் போடுங்கள். சி, லி, ம் என்று ஒழுங்காக வரும். ஆட்பெயர்ப் பட்டியலாகி அதில் ஸ்ரீதரன் இருந்தால் மட்டும் கவனம்: ‘ஸ்ரீ’யை அதுவும் இரண்டாகத்தான் எண்ணும்.