நீருக்குள் நிற்பவரின் சொல்

ஒரு குழு வேலை செய்வது வேறு, வேலை செய்துகொண்டே அக்குழு கற்றுக்கொள்வது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் தலைமையின் நடத்தையே என்பதை இலங்கையின் மன்னார்த் தீவின் கரையில் வைத்து விளக்கலாம். தோட்டவெளி, எருக்கலம்பிட்டி, பேசாலை முதலிய ஊர்களைக் கொண்ட இத்தீவுக்குக் கரைவலை பழகிய தொழில். அலுவலகச் சுவர்களுக்குள் எளிதில் கண்ணுக்குப் புலப்படாமல் நடக்கும் ஒன்று அத்தொழிலில் வெட்டவெளி மணலில் நடக்கிறது.

கரைவலை என்பது நடுவில் மீன் சேரும் மடியையும், மடியின் இருபுறமும் நீண்டு விரியும் வலையையும், அவற்றின் நுனிகளில் நெடுங்கயிறுகளையும் கொண்டது. ஒரு கயிற்றின் தலைப்பைக் கரையில் விட்டுச் செல்லும் தோணி, கடலில் அரைவட்டமாக வலையை இறக்கியபடி சென்று, மறு கயிற்றின் தலைப்போடு கரைக்குத் திரும்புகிறது. அதன்பின் இரு அணிகள் தூரத் தூர நின்று இழுக்கத் தொடங்கி, மடி நெருங்க நெருங்கத் தாமும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. வலைக்கும் தோணிக்கும் உரியவரைச் சம்மாட்டி என்பர். எப்போது வலை வளைப்பது, எந்தப் பக்கம் தளர்த்துவது, எந்தப் பக்கம் விரைவுபடுத்துவது என்ற முடிவுகள் அவரிடமோ அவர் சார்பில் தொழிலை நடத்துபவரிடமோ இருக்கின்றன.

ஆனால் அம்முடிவுகளுக்கு வேண்டிய செய்தி அவரிடம் இருப்பதில்லை. ஒரு பக்கம் மற்றதைவிட விரைந்தால் வலையின் வாய் கோணுகிறது. அடிக்கயிறு தரையை விட்டு எழும்பினால் மீன் அதன் கீழால் வெளியேறிவிடுகிறது. வலை கல்லில் சிக்கியபின்னும் இழுத்தால் கிழிகிறது. இவற்றை முதலில் அறிவது மேட்டில் நின்று பார்க்கும் கண்ணல்ல, இடுப்பளவு நீரில் கயிற்றைப் பற்றியிருக்கும் கை. அக்கைக்கு உரியவர் பங்கு குறைந்தவராகவோ தொழிலுக்குப் புதியவராகவோ இருந்தாலும், அவர் வாய் திறந்தால் மட்டுமே அச்செய்தி தலைமையை அடையும்.

நிர்வாகவியல் இதனை இரண்டு சொற்களால் விளக்குகிறது. கேள்வி கேட்பது, பிழையை வெளிப்படுத்துவது, புதிய முறையொன்றைச் சோதித்துப் பார்ப்பது, நடந்ததைக் கூடிப் பேசுவது ஆகிய செயல்களின் தொகுதி குழுக் கற்றல் எனப்படுகிறது. இவற்றைச் செய்தால் இகழப்படவோ தண்டிக்கப்படவோ மாட்டோம் என்று குழுவினர் பொதுவாகக் கொண்டிருக்கும் நம்பிக்கை உளப் பாதுகாப்பு எனப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மன்சன் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, உளப் பாதுகாப்பு கற்றலுக்கும், அக்கற்றல் செயற்திறனுக்கும் வழிவிடுகின்றன என்று காட்டினார்.

அதற்கு முன்னர் 1996இல் வெளிவந்த அவருடைய ஆய்வு இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைப்பது. வைத்தியசாலைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் நல்ல உறவும் கொண்ட தாதியர் பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கணக்கோ அப்பிரிவுகளிலேயே கூடுதலான பிழைகளைக் காட்டியது. அங்கே பிழைகள் கூடுதலாக நிகழவில்லை, கூடுதலாக வெளியே சொல்லப்பட்டன என்பதே அவர் முன்வைத்த விளக்கம். பிழை எதுவும் பதிவாகாத ஒரு பிரிவைப் பார்த்து மகிழும் மேலாளர், மௌனத்தைத் திறமையென்று எண்ணி ஏமாறக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆய்வு அரிது.

உளப் பாதுகாப்பைக் கண்டிப்பின் தளர்வாக விளங்கிக்கொள்வது பெருந்தவறு. புதிய இருதயச் சத்திரசிகிச்சை முறையொன்றைக் கற்ற 16 வைத்தியசாலைக் குழுக்களைப் பற்றி எட்மன்சனும் அவருடைய சகாக்களும் 2001இல் எழுதிய ஆய்வில், தலைமை தாங்கிய சத்திரசிகிச்சை நிபுணர் அப்புதிய முறையைத் தம் தனித்திறனுக்கான களமாகக் கருதாமல், அனைவரும் சேர்ந்து கற்க வேண்டிய வேலையாக எடுத்துரைத்து, தமக்கு உதவுபவர்களின் வாய்ச்சொல் இன்றி அது நடவாது என்று உணர்த்திய குழுக்களே வெற்றிகரமாகக் கற்றன என்று கண்டனர். உயிர் தொங்கும் மேசையில் கண்டிப்புக்குக் குறைவிருக்க முடியாது; அங்கும் செவிசாய்த்த தலைமையே முன்னேறியது.

மன்னார்க் கடலின் பழைய முத்துக்குளிப்பு இவ்வுண்மையைத் தொழில் விதியாகவே வைத்திருந்தது. 1905ஆம் ஆண்டின் பெரும் முத்துக்குளிப்பு நடந்த மரிச்சுக்கட்டிக் கடல் போன்ற இடங்களில், கல்லின் பாரத்தால் அடிக்கு இறங்கிய குளியாளர், மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பார். தோணியில் கயிறு பிடித்திருப்பவர் உடனே இழுப்பார். அவ்வசைவு உண்மையானதா, இன்னும் சற்றுப் பொறுக்கலாமா என்று ஆராய மேலே இருப்பவருக்கு இடமில்லை. கீழே இருப்பவரின் குறிப்பே கட்டளை. குளியாளரின் உயிர் அந்த விதியில் தங்கியிருந்தது.

கரைவலையில் அவ்வளவு உடனடி ஆபத்து இல்லாததால், மௌனம் எளிதில் குடியேறுகிறது. முற்பணம் பெற்று அக்கடன் தீரும்வரை ஒரே வலையில் தொழில் செய்யவேண்டிய நிலையில் இருப்பவர், சம்மாட்டியின் கணிப்பு தவறென்று சொல்லத் தயங்குவது இயல்பு. அதனைக் கோழைத்தனம் என்று கொள்வது அநியாயம். கடன் ஒருவரின் வாயையும் கட்டுகிறது. எனவே பேசுங்கள் என்று ஒருமுறை அறிவித்துவிடுவதால் தலைமையின் கடமை முடிந்துவிடுவதில்லை. வெறும் மடி கரையேறிய நாளில் சம்மாட்டி முதலில் கேட்பது யாருடைய பிழை என்பதா, நீருக்குள் என்ன தெரிந்தது என்பதா என்பதைக் கயிறு பிடித்த அனைவரும் கவனிக்கின்றனர். அடுத்த முறை வலை இழுக்கும்போது யார் வாய் திறப்பார் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே பெரிதும் தீர்மானமாகிவிடுகிறது. அலுவலகத்தில் இலக்குத் தவறிய மாதத்தின் முதற் கூட்டமும் அத்தகையதே.

வடக்கு, கிழக்குக் கரைகளில் வலை இழுப்போர் பாடிவந்த அம்பாப் பாடல்களையும் இங்கே கருதவேண்டும். ஒருவர் அடியெடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடும் அப்பாடல் கைகளை ஒரே தாளத்தில் இணைத்ததோடு, எந்த அணி களைத்தது, எந்தப் பக்கம் பாரம் கூடியது என்பதைக் குரலின் தளர்விலேயே மற்றவர்களுக்கு உணர்த்தும் வழியாகவும் இருக்கக்கூடியது. அண்மைக் காலத்தில் சில கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழல்பொறி கயிற்றை இழுத்துவந்தது. பொறிக்குக் களைப்பில்லை, குரலும் இல்லை. கல்லில் சிக்கிய வலையையும் அது அதே விசையோடு இழுக்கும். பாட்டு தானாகச் சொல்லிய செய்தியைப் பொறி இழுக்கும் இடத்தில் யாரேனும் கையுயர்த்திக் கூவவேண்டும், பொறியை இயக்குபவர் அதைக் கேட்டு நிறுத்தவேண்டும்.