வெயிலுக்கு நிற்காத மஞ்சள்

வெள்ளைப் பனியனில் சாம்பார் சிந்திவிட்டால் திருப்பூர்க்காரர்களுக்கும் மற்றவர்களுக்கு வருகிற அதே எரிச்சல்தான் வரும். சோப்புப் போட்டுக் கசக்கியதும் மஞ்சள் கறை செங்கல் நிறமாகிவிடும். துவைக்கத் துவைக்கக் கறை கூடுகிறதே என்று கை நின்றுவிடும். அதில் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்தால் மறுபடி மஞ்சள். அப்படியே மொட்டை மாடிக் கொடியில் போட்டு இரண்டு நாள் நல்ல வெயில் காட்டினால் கறை இருந்த இடம் மங்கிப் போகும்.

ஆரத்தி கரைத்த கைகளுக்கு இது புதிதல்ல. மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு விழுந்ததும் தட்டு சிவக்கிறது. சோப்பும் சுண்ணாம்பும் காரத்தன்மை கொண்டவை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற மூலக்கூறு காரத்தைத் தொட்டதும் தன்னிடமுள்ள ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கிறது. அதனால் அது ஒளியை உறிஞ்சும் விதம் மாறி, கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது.

சாயப்பட்டறைகளால் பிழைக்கும் ஊரில் இப்படிப்பட்ட சாயத்துக்கு மரியாதை கிடைக்காது. ஏற்றுமதித் துணியின் நிறம் ஒளிக்கு எவ்வளவு தாங்கும் என்பதை ஒன்று முதல் எட்டு வரை தரம் போடுவார்கள். மஞ்சளில் தோய்த்த பருத்தி அடிமட்டத்தில்தான் நிற்கும். வியர்வைச் சோதனையில் அமில வியர்வை, கார வியர்வை என இரண்டு செயற்கைக் கரைசல்கள் உண்டு. இரண்டாவதன் பி.எச். அளவு 8. குர்குமின் நிறம் மாறத் தொடங்குவது ஏறக்குறைய அங்கேதான். இயற்கைச் சாயம் கேட்கும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மஞ்சள் சட்டை காட்டுவது சுலபம், அதை ஆறு மாதம் மஞ்சளாகவே வைத்திருப்பதுதான் கஷ்டம்.

துணியில் தோற்கிற இந்த மூலக்கூறு குழம்பில், பாலில், பாட்டிலில் அடைத்த பானத்தில் என்ன ஆகிறது என்பது துணியைவிடச் சுவையான கதை.

பக்கத்து ஈரோட்டின் மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே சந்தைக்கு வரும் விரலி மஞ்சள் ஏற்கெனவே வேகவைத்து, வெயிலில் காயவைத்து, மெருகேற்றப்பட்டது. அவ்வளவு வெயில் பட்டும் நிறம் போவதில்லையே என்று கேட்கலாம். கிழங்குக்குள் மாவுச்சத்தும் எண்ணெயும் சூழ, ஒளி எட்டாத இடத்தில் குர்குமின் இருக்கிறது. பொடியாக்கினால் அந்தக் காவல் போய்விடும். மூடி போட்ட எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி, ஜன்னலோரத்துக் கண்ணாடி ஜாடியைவிடப் பொடிக்கு நல்ல வீடு.

தண்ணீரில்தான் தொல்லை அதிகம். தைவான் ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 37 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7.2 உள்ள கரைசலில் குர்குமினின் சுமார் 90 சதவீதம் அரை மணி நேரத்தில் சிதைந்துவிட்டது. அது நம் உடலின் வெப்பம். ரத்தத்தின் காரத்தன்மையும் ஏறக்குறைய அதுதான். ஆனால் ரத்தநீரின் புரதங்கள் கொஞ்சம் சேர்ந்திருந்த கரைசலில் எட்டு மணி நேரத்துக்குப் பிறகும் பாதி மிச்சமிருந்தது. சிதைவில் கிடைத்த பொருள்களில் ஒன்று வனிலின். ஐஸ்கிரீமில் மணக்கிறதே, அதேதான்.

அமிலத்தில் குர்குமின் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அங்கே அது கரைவதே இல்லை, அடியில் வண்டலாகத் தங்கிவிடும். பானம் தயாரிப்பவர்களின் தலைவலி இதுதான். அதனால் எண்ணெய்த் துளிகளில் அடைத்து, குழம்பாக்கிகள் சேர்த்து நீரில் மிதக்கவிடுகிறார்கள். ஐரோப்பாவில் இ-100 என்ற எண்ணோடு நிறமூட்டியாகப் போகும் குர்குமினுக்கும் இதே பாடுதான். அதோடு பாட்டில் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்து, கடை அலமாரியில் வெளிச்சம் விழுந்தால் மொட்டை மாடிப் பனியனின் கதையே பாட்டிலுக்குள் நடக்கும்.

வீட்டு அடுப்புக்கு வருவோம். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட கணக்கு இது: சமைக்கும்போது மஞ்சளின் குர்குமினில் 27 முதல் 53 சதவீதம் வரை போய்விடுகிறது. பத்து நிமிடம் குக்கரில் வேகும்போதுதான் இழப்பு அதிகம். துவரம்பருப்பு சேர்த்தாலும் பெரிய மாற்றமில்லை. புளி சேர்த்தால் மட்டும் இழப்பு 12 முதல் 30 சதவீதமாகக் குறைந்தது. ஆக, சாம்பாரில் புளி ஊற்றுவது குர்குமினுக்கும் நல்லதாகிவிடுகிறது. இதைப் படித்ததும் முன்னோரின் ரகசிய விஞ்ஞானம் என்று மேடை போட வேண்டாம். புளி நாக்குக்காக வந்தது. பலன் ஓசியில் கிடைத்தது.

மஞ்சள் பாலும் அப்படித்தான். பாலின் கேசீன் புரதம் குர்குமினைப் பற்றிக்கொண்டு சிதைவைத் தாமதப்படுத்துகிறது, கொழுப்பு அதைக் கரைக்கிறது. மிளகு செய்வது வேறு வேலை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த, 1998இல் வெளியான ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைபெரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்ந்த அளவு 2,000 சதவீதம் கூடியது. மிளகு குர்குமினைக் கெடாமல் வைப்பதில்லை, உடல் அதை வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கிறது.

மேலைநாடுகளில் இப்போது பானங்களில் கலந்து விற்கப்படும் கன்னாபிடியாலுக்கும் இதே ஜாதகம். கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத பொருள் அது. எண்ணெயில் கரையும், நீரில் கரையாது, ஒளியும் காற்றும் ஆகாது. காரத்தில் அதுவும் நிறம் மாறும், ஆனால் ஊதாவாக. சூடானின் கார்ட்டூம் நகர ஆய்வகத்தில் வில்லியம் பீம் 1911இல் கஞ்சாவை அடையாளம் காண வகுத்த சோதனையே அந்த ஊதாதான். ஒரு விஷயத்தில் இரண்டும் எதிரெதிர். குர்குமினைக் காக்கும் அமிலம், வலுவாக இருந்தால் கன்னாபிடியாலைப் போதை தரும் பொருளாகவே மாற்றிவிடும். அலுமினிய டப்பாவில் அடைத்தால், அதன் உள்பூச்சு கன்னாபிடியாலில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அந்தச் செடியின் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை மட்டும் உணவாக அனுமதித்தது.

இனி சாயப்பட்டறைப் பக்கமே திரும்ப வேண்டியிருக்கிறது. மஞ்சள்பொடியில் கலப்படமாகச் சேரும் மெட்டானில் மஞ்சள், கம்பளிக்கும் பட்டுக்கும் தோலுக்கும் ஏற்றும் செயற்கைச் சாயம். உணவில் அதற்கு அனுமதியில்லை. அசல் மஞ்சள் தோற்கும் இடத்தில் அது தேறிவிடும்: சுண்ணாம்பு நீரில் சிவக்காது. அதைப் பிடிக்க அமிலம் வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் சில துளிகள் பட்டதும் அது கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகும், தண்ணீர் ஊற்றினாலும் அந்த நிறம் போகாது. அசல் மஞ்சளும் அடர் அமிலத்தில் லேசாகச் சிவக்கும், தண்ணீர் ஊற்றியதும் மஞ்சளுக்குத் திரும்பிவிடும். அமிலம் இல்லாத வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பொடியைப் போட்டுப் பார்க்கலாம். அசல் பொடி வெளிர் மஞ்சள் தடம் விட்டு அடியில் போய்ப் படியும். தண்ணீர் முழுக்கப் பளீரென்று மஞ்சளானால் அந்தப் பொடியைக் குழம்பில் போட வேண்டாம்.