தசை செல் வளர, அது உட்காரும் 'தரை' ஏன் முக்கியம்?

2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லா, அங்கே செய்த ஆய்வுகளில் ஒன்று பெங்களூருவின் இன்ஸ்டெம் நிறுவனத்துடையது. எடையை உணராத சூழலில் தசை செல்கள் எப்படி மீண்டும் உருவாகின்றன, சத்துப்பொருட்கள் அதற்கு உதவுமா என்பதுதான் கேள்வி.

எடை இல்லாவிட்டால் தசை தேயும். ஏன்னா, தசை விசையை வைத்தே வாழ்கிறது. ஒரே ஒரு தசை செல்லை எடுத்தாலும் இதே கதைதான். பூமியில் அது விசையை உணரும் முதல் இடம், தான் ஒட்டியிருக்கும் பரப்பு.

செல் எப்படி ஒட்டுகிறது?

செல் வருவதற்கு முன்பே பரப்பில் ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்கள் படிந்துவிடும். செல்லின் சவ்வில் உள்ள இன்டெக்ரின்கள் அவற்றைக் கொக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும். பிறகு செல்லுக்குள் இருக்கும் ஆக்டின், மயோசின் இழைகள் பரப்பை இழுத்துப் பார்க்கும். பரப்பு இளகிக் கொடுக்குதா, விறைப்பா நிற்குதா? இந்தப் பதிலைப் பொறுத்து செல்லின் மரபணுச் செயல்பாடு மாறும்.

எந்தப் பரப்பு சரி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழு 2004-ல் இதைச் சோதித்தது. மென்மையான ஜெல், கடினமான ஜெல் இரண்டிலும் தசை செல்கள் ஒன்றுசேர்ந்து நீண்ட குழாய்களாயின. ஆனால், சுருங்கி விரியத் தேவையான வரி அமைப்பு, சுமார் 12 கிலோபாஸ்கல் விறைப்புள்ள ஜெல்லில்தான் நன்றாக உருவானது. இயல்பான தசையின் விறைப்பும் கிட்டத்தட்ட அதுவே.

ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் பிளாஸ்டிக் தட்டு இதைவிட லட்சம் மடங்குக்கும் மேல் விறைப்பானது. 2010-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹெலன் பிளாவ் குழு, எலியின் தசை ஸ்டெம் செல்களை இரண்டிலும் வளர்த்தது. பிளாஸ்டிக்கில் வளர்ந்தவை தசையை உருவாக்கும் திறனை வேகமாக இழந்தன. 12 கிலோபாஸ்கல் ஜெல்லில் வளர்ந்தவை, எலிக்குள் செலுத்தியதும் தசையாக நிலைத்தன.

இது நமக்கு ஏன் முக்கியம்?

டூஷென் தசைநார்ச் சிதைவு போன்ற நோய்களில் தசைக்குள் தழும்பு கூடி, அது இறுகிப்போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஆரோக்கியமான செல்லை விட்டாலும், அது சரியாக முதிராமல் போகலாம். அதனால் நல்ல செல் மட்டும் கிடைத்தால் போதாது, அதற்கேற்ற தரையையும் சேர்த்தே தயார் செய்யணும். 'ஆய்வகத்தில் தசை வளர்த்தார்கள்' என்ற செய்தியைப் படித்தால், எதன் மேல் வளர்த்தார்கள் என்பதையும் பாருங்கள்.